வில்லைகள் கூறும் வரலாறு



என் மேசையின்மேல் சிறு செப்பு வில்லை ஒன்று கிடக்கிறது. என்னிடம் முன்பு பயின்ற மாணவர் ஒருவர் அமெரிக்காவில் பணியாற்றுகிறார். விடுமுறையில் ஊருக்கு வந்தபோது இதனை எனக்குக் கொடுத்துச் சென்றார். கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றே பெரியது. ஒரு பக்கத்தில் இறகு முடி தரித்த தலை ஒன்றும், 1863 என்னும் ஆண்டும் காணப்படுகின்றன. மறு பக்கத்தில், இலை வளையத்தின் நடுவே, 'ஒரு சென்ட்' என்னும் பொருள்பட இரண்டு ஆங்கிலச் சொற்கள் பெரிய எழுத்தில் உள்ளன. கண்ட அளவில் எவரும் இதனைக் காசு என்றே கொள்வர். ஆயின் அவ்விரு சொற்களுக்கு மேலே, மிக நுண்ணிய எழுத்தில் மூன்றாவது சொல் ஒன்று இருக்கிறது. 'அன்று' என்பதே அதன் பொருள். மூன்றையும் சேர்த்துப் படித்தால் 'ஒரு சென்ட் அன்று' என்றாகிறது. காசுபோல வேடம் பூண்டு, 'நான் காசு அல்ல' என்று தானே மெல்லச் சொல்லிக்கொள்ளும் இப்பொருளை ஆக்கியவர் யார்? எதற்காக ஆக்கினார்?

பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இத்தகைய வில்லைகள் ஆயிரக்கணக்கான வகைகளில் வெளிவந்தன. தேர்தற் காலத்தில் கட்சிக்காரர்கள் வெளியிட்டவை சில. பொருட்காட்சிகளில் நினைவுப் பொருளாக விற்றவை சில. சில்லறைத் தட்டுப்பாட்டின்போது கடைக்காரர்கள் அடித்தவை சில. அவற்றைத் தேடிச் சேர்ப்போர் அந்நாட்டில் மிகப் பலர். பொழுதுபோக்குக்காகச் சேர்ப்போர் சேர்க்கட்டும். வரலாறு பயிலும் நமக்கு இவை வேறொரு வகையில் பயன்படுகின்றன. அரசாங்கத்தின் நாணயம் அரசாங்கம் சொல்ல விரும்பியதை மட்டுமே சொல்லும். இவ்வில்லைகளோ கடைவீதியின் குரலையும், தோற்றவனின் குரலையும், சில வேளைகளில் குரலே இல்லாதவரின் குரலையும் நமக்குக் கொண்டு வருகின்றன. அவற்றோடு பொய்யையும் கொண்டு வருகின்றன என்பதை நாம் மறக்கலாகாது.

முதல் குடியரசுத் தலைவராகிய ஜார்ஜ் வாஷிங்டன் 1789-ஆம் ஆண்டு ஏப்ரல் 30-ஆம் நாள் நியூயார்க் நகரில் பதவி ஏற்றார். அவ்வமயம் அவர் பெயரின் முதலெழுத்துக்களைத் தாங்கிய பொத்தான்களைச் செம்பிலும் பித்தளையிலும் செய்து, மக்கள் தம் மேலங்கிகளில் தைத்துக் கொண்டனர். 'தலைவர் நீடு வாழ்க' என்னும் வாழ்த்துப் பொறித்த பொத்தான்களும் அவற்றுள் உண்டு. மூன்றாண்டு கழித்து, 1792-இல், நாணயச் சட்டம் இயற்றியபோது, தலைவரின் உருவத்தைக் காசில் பொறிக்கலாமா என்னும் கேள்வி எழுந்தது. அரசரின் தலையைக் காசில் காணும் வழக்கத்தை வெறுத்து விடுதலை பெற்ற நாடு அது. ஆகவே தலைவரின் உருவம் வேண்டா, சுதந்திரத்தைக் குறிக்கும் உருவமே போதும் என்று முடிவு செய்தனர். அதன் பின்னர், புழக்கத்துக்கென அடித்த காசில் ஒரு குடியரசுத் தலைவரின் முகம் இடம் பெற்றது 1909-ஆம் ஆண்டில்தான்; அம்முகம் லிங்கனுடையது. இடைப்பட்ட நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில், தலைவர்களின் முகத்தை உலோகத்தில் காண விரும்பிய மக்களுக்குத் தனியார் வில்லைகளே துணையாயின.

ஆண்ட்ரூ ஜாக்ஸன் தலைவராக இருந்த காலத்தில் இவ்வில்லைகள் புகழ் பாடுவதை விட்டுப் பூசலிடத் தொடங்கின. இரண்டாம் ஐக்கிய நாட்டு வங்கி பணக்காரர்களின் கருவி என்று ஜாக்ஸன் கருதினார். அதன் உரிமத்தை நீட்டிக்கும் மசோதாவை 1832-இல் தமது மறுப்பாணையால் தடுத்தார். அரசாங்கப் பணத்தை வங்கியிலிருந்து எடுக்கச் செய்தபோது, 'பொறுப்பை நான் ஏற்கிறேன்' என்றார். எதிர்க்கட்சியினர் அச்சொல்லையே பிடித்துக் கொண்டனர். ஒரு கையில் வாளும் மறு கையில் பணப்பையும் ஏந்தி, இரும்புப் பெட்டியிலிருந்து ஜாக்ஸன் எழுவதாக ஒரு வில்லை அடித்து, அவர் கூறிய சொற்களை அதன்மேலேயே பொறித்தனர். வாள் படைபலம், பை பொதுப்பணம். இரண்டும் ஒருவன் கையில் சேர்ந்தால் அவன் அரசனே அன்றோ என்பது உட்கருத்து. ஒரு தலையங்கத்தில் எழுத வேண்டியதை உள்ளங்கை அளவுச் செம்பில் அடக்கிவிட்டனர்!

1837-ஆம் ஆண்டு மே மாதம் 10-ஆம் நாள், நியூயார்க் வங்கிகள் தம் தாள்களுக்குப் பொன்னும் வெள்ளியும் கொடுப்பதை நிறுத்தின. நாடெங்கும் பெருநெருக்கடி. உலோகக் காசை உடையோர் அதனை ஒளித்து வைத்தனர், சில்லறை மறைந்தது. அவ்விடத்தை நிரப்பச் செப்பு வில்லைகள் பெருகின. 1832 முதல் 1844 வரை வெளிவந்த இத்தகையவற்றை 'கடுங்கால வில்லைகள்' என்று சேகரிப்போர் வழங்குவர். ஜாக்ஸனுக்குப் பின் வந்த மார்ட்டின் வான் பியூரன், முன்னவரின் அடிச்சுவட்டில் நடப்பேன் என்று உரைத்தவர். அரசாங்கப் பணத்தை வங்கிகளிடம் ஒப்படையாமல் தனிக் கருவூலங்களில் வைக்க வேண்டும் என்பது அவர் திட்டம். உடனே ஒரு வில்லை தோன்றியது. ஒரு பக்கத்தில், இரும்புப் பெட்டியை முதுகில் சுமந்து ஊர்ந்து செல்கிறது ஓர் ஆமை. மறு பக்கத்தில், 'புகழ்பெற்ற என் முன்னோரின் அடிச்சுவட்டில் நடக்கிறேன்' என்னும் வாசகத்துடன் செல்கிறது ஒரு கழுதை! பின்னாளில், 1870 முதல், தாமஸ் நாஸ்ட் என்னும் கேலிச்சித்திரக்காரர் கழுதையை ஜனநாயகக் கட்சியின் சின்னமாகப் பரப்பினார். அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன்பே அக்கழுதை செம்பில் நடமாடியது.

'ஒரு சென்ட் அன்று' என்னும் தந்திரமும் இக்காலத்தில் பிறந்ததே. அரசாங்கக் காசைப்போலக் கள்ளக் காசு அடிப்பது குற்றம். சட்டத்தின் பிடியிலிருந்து நழுவ ஒரு வழி வேண்டும். 1798-இல், அமெரிக்கத் தூதர்களிடம் பிரெஞ்சு அரசின் இடைத்தரகர்கள் கையூட்டுக் கேட்டபொழுது, 'பாதுகாப்புக்கு எனின் கோடிகள். கப்பத்துக்கு எனின் ஒரு சென்ட்டும் இல்லை' என்று நாட்டில் ஒரு முழக்கம் எழுந்தது. ஆங்கிலத்தில் அம்முழக்கத்தின் இடையே 'ஒரு சென்ட்' என்னும் சொற்கள் வருகின்றன. முழக்கத்தை வட்டமாகப் பொறித்து, அவ்விரு சொற்களை மட்டும் நடுவில் பெரிதாக அமைத்தால், பார்ப்பவனுக்கு அது காசு. நீதிபதிக்கு அது நாட்டுப்பற்று. பெரிய எழுத்தும் சிறிய எழுத்தும் ஒரே வாக்கியத்தில் எவ்வாறு வெவ்வேறு வேலை செய்கின்றன என்பதை, விளம்பரங்களைப் படிக்கும் இன்றைய மாணவர்களும் நினைத்துப் பார்க்கலாம்.

இவற்றினிடையே, கேலியும் தந்திரமும் இல்லாத ஒரு வில்லை உண்டு. அதன் ஆண்டு 1838. கைகளில் விலங்கு பூட்டப்பட்ட கறுப்பினப் பெண் ஒருத்தி முழந்தாளிட்டுக் கைகளை உயர்த்தியிருக்கிறாள். 'நான் ஒரு பெண் அல்லளோ? உம் சகோதரி அல்லளோ?' என்னும் வினா அவளைச் சூழ்ந்துள்ளது. 1787-இல் இங்கிலாந்தில், மட்பாண்டத் தொழில் வல்லவராகிய வெட்ஜ்வுட் அடிமை வாணிகத்துக்கு எதிராக வெளியிட்ட பதக்கத்தில் ஓர் ஆண் இவ்வாறே முழந்தாளிட்டு, 'நான் மனிதன் அல்லனோ? உம் சகோதரன் அல்லனோ?' என்று கேட்டான். அதன் வழி வந்தவளே இவள். வில்லையைத் திருப்பினால், இலை வளையத்தின் நடுவே 'சுதந்திரம்' என்று எழுதியிருக்கிறது. சுற்றிலும் நாட்டின் பெயர். ஒரு பக்கத்தில் விலங்கு. மறு பக்கத்தில் சுதந்திரம். இடையில் இருப்பது செம்பின் கனம் ஒன்றே! பெரிய செப்புக் காசின் அளவிலேயே இதனை அடித்தனர். சில்லறை கிடைக்காத நாளில் இதுவும் கைமாறியது. அடிமை முறையைப் பற்றிப் பேச்சே வேண்டா என்றிருந்த ஒருவனும், ரொட்டி வாங்கிவிட்டு மீதிச் சில்லறையைப் பெறும்போது, அவ்வினாவைத் தன் உள்ளங்கையில் ஏந்த நேர்ந்தது. அவ்வினாவுக்குச் சட்டத்தில் விடை எழுத நாட்டுக்கு 1865 வரை ஆயிற்று. இடையில் ஒரு பெரும்போரும் வேண்டியிருந்தது.

இனி 1840-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு வருவோம். வில்லைகளைக் கொண்டு வரலாறு பயில விரும்பும் மாணவர் இத்தேர்தலிலிருந்தே தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம். வான் பியூரனை எதிர்த்து விக் கட்சியினர் வில்லியம் ஹென்றி ஹாரிஸன் என்னும் முதிய படைத்தலைவரை நிறுத்தினர். ஒரு பெரிய பீப்பாய் ஆப்பிள் மதுவும், ஆண்டுக்கு இரண்டாயிரம் டாலர் ஓய்வூதியமும் கொடுத்துவிட்டால், இம்மனிதர் மரக்குடிசையில் அமைதியாகக் காலம் கழிப்பார் என்று எதிர்க்கட்சி நாளிதழ் ஒன்று எள்ளி நகையாடியது. விக் கட்சியினர் அவ்வசையையே வாழ்த்தாக ஏற்றனர். 'ஆம், எங்கள் தலைவர் குடிசைவாசியே; ஏழை எளியவரின் தோழரே' என்றனர். மரக்குடிசை, அதன் மேல் ஒரு கொடி, வாயிலில் ஒரு பீப்பாய். இவற்றைப் பொறித்த வில்லைகள் நாடெங்கும் பரவின. ஊர்வலங்களில் உண்மையான குடிசைகளையே வண்டியில் ஏற்றி இழுத்துச் சென்றனர். வாக்குரிமை பெற்றிருந்தோருள் நூற்றுக்கு ஏறத்தாழ எண்பதின்மர் வாக்களித்தனர். ஹாரிஸன் 234 தேர்வாளர் வாக்குகளும் வான் பியூரன் 60 வாக்குகளும் பெற்றனர்.

உண்மை யாது? ஹாரிஸன் பிறந்தது வர்ஜீனியாவில், பெருநிலக்கிழார் ஒருவரின் செங்கல் மாளிகையில். அவர் தந்தையார் விடுதலைப் பிரகடனத்தில் கையெழுத்திட்ட பெருமக்களுள் ஒருவர். உல்லாசப் பிரபு என்று தூற்றப்பட்ட வான் பியூரனோ, சிற்றூரில் சத்திரம் நடத்தியவரின் மகன்! செம்பு பொய் சொல்லிற்று, நாடு நம்பிற்று, அல்லது நம்புவதில் மகிழ்ச்சி கொண்டது. பதவி ஏற்ற ஒரு திங்களில், 1841 ஏப்ரல் 4-ஆம் நாள் ஹாரிஸன் காலமானார். அவர் ஆட்சியின் சாதனை என்று காட்ட ஒன்றும் இல்லை. அவர் வில்லைகளோ இன்றும் மிகுதியாகக் கிடைக்கின்றன.

அவ்வில்லைகளுள் பல, விளிம்பருகே துளையிடப்பட்டவை. நாடாவில் கோத்து அணிவதற்காக இட்ட துளைகள் அவை. சேகரிப்போர் துளையுள்ளதற்குக் குறைந்த விலை தருவர். வரலாற்று மாணவனுக்கு அத்துளையே செல்வம். துளையில்லாத வில்லை பெட்டியில் உறங்கியிருக்கலாம். துளையுள்ளது ஒருவன் மார்பில் ஊர்வலம் போயிருக்கிறது.

1860-இல் புகைப்படக் கலை இத்துறையில் நுழைந்தது. மெல்லிய இரும்புத் தகட்டில் பதித்த சிறு படத்தைப் பித்தளை வளையத்துக்குள் அடக்கி, ஒரு பக்கம் தலைவர் பதவிக்கும் மறு பக்கம் துணைத்தலைவர் பதவிக்கும் நிற்பவரைக் காட்டினர். தொலைவிலுள்ள சிற்றூர் உழவனும் ஆபிரகாம் லிங்கனின் உண்மை முகத்தைக் காண்பது அப்பொழுது இயல்வதாயிற்று. அம்முகத்தில் தாடி இல்லை. தேர்தல் முடிந்த பிறகே அவர் தாடி வளர்த்தார். ஆதலின் தாடியுள்ள லிங்கன் படத்தைக் காட்டி, 'இது 1860-ஆம் ஆண்டுத் தேர்தலுக்கு வெளியிட்டது' என்று எவரேனும் கூறினால், அவர் தாமே ஏமாந்தவர், அன்றேல் பிறரை ஏமாற்றுபவர்.

லிங்கன் பதவியேற்ற ஆண்டிலேயே உள்நாட்டுப் போர் மூண்டது. 1862-இல் மீண்டும் சில்லறை மறைந்தது. அஞ்சல் தலைகளைக் கூடக் காசாகக் கொடுத்து வாங்கினர்; அவை வியர்வையில் ஒட்டிக்கொண்டன. அந்நிலையில், அரசாங்கத்தின் புதிய சிறு சென்ட்டின் அளவில் தனியார் அடித்த வில்லைகள் இரண்டரைக் கோடி இருக்கலாம் என மதிப்பிடுகின்றனர். என் மேசைமேல் கிடப்பது அவற்றுள் ஒன்று. சில வில்லைகள் கடையின் பெயரைத் தாங்கின. சில நாட்டுப்பற்று முழக்கங்களைத் தாங்கின. அமெரிக்கக் கொடியை எவனேனும் இறக்க முயன்றால் அவனை அவ்விடத்திலேயே சுட்டு வீழ்த்துக என்று, 1861-இல் நிதியமைச்சர் ஜான் டிக்ஸ் ஆணையிட்டார். அவ்வாணையைப் பொறித்த வில்லைகள் மிகப் பல. அவற்றுள் ஒன்றில், 'ஸ்பாட்' என்று இருக்க வேண்டிய சொல் ஓர் எழுத்துக் கூடி 'ஸ்பூட்' என்று ஆகிவிட்டது! அச்சு வெட்டியவரின் அவசரம் ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாக நகைப்புக்கு இடமாக நிற்கிறது. எழுத்துப் பிழைகளுக்குச் சிவப்பு மையால் வட்டமிட்டே வாழ்நாளைக் கழித்த எனக்கு அவ்வில்லையின்மேல் தனிப்பரிவு உண்டு.

நியூயார்க்கில் லிண்டன்முல்லர் என்னும் மதுக்கடைக்காரர் தம் பெயரில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வில்லைகளை வெளியிட்டார். அந்நகர டிராம் வண்டிக் கம்பெனி, தன்னிடம் பயணிகள் கொடுத்த அவ்வில்லைகளைத் திரட்டிக்கொண்டு போய் மாற்றித் தருமாறு கேட்டபொழுது, அவர் மறுத்துச் சிரித்தார் என்று கூறுவர். இத்தகைய நிகழ்ச்சிகள் அரசாங்கத்தை விழிக்கச் செய்தன. 1864 ஏப்ரலிலும் ஜூனிலும் இயற்றிய சட்டங்களால் தனியார் காசு அடிப்பது தடை செய்யப்பட்டது. 'அன்று' என்னும் நுண்ணெழுத்துத் தந்திரத்துக்கும் அத்துடன் முடிவு வந்தது.

அதே ஜூன் திங்களில் பிலடெல்பியாவில் ஒரு பெரும் பொருட்காட்சி நடந்தது. போரில் காயமுற்ற வீரர்களுக்கு மருந்தும் துணியும் அனுப்ப நிதி திரட்டிய காட்சி அது. லிங்கனே அங்கு வந்து பேசினார். நாட்டின் நாணயச் சாலை அங்கு ஓர் அச்சுப் பொறியை நிறுவி, மக்கள் கண்முன்னே சிறு பதக்கங்களை அடித்துக் கொடுத்தது. கடைக்காரனின் வில்லை தடைப்பட்ட அதே வேளையில், அரசாங்கம் தானே நினைவு வில்லை அடிக்கத் தொடங்கியதைக் கவனியுங்கள். 1876-இல், விடுதலையின் நூற்றாண்டு விழாவாக அதே நகரில் நிகழ்ந்த உலகப் பொருட்காட்சியிலும் இவ்வாறே நடந்தது. நெவாடா மாகாணத்துச் சுரங்கங்களின் வெள்ளியைக் கொண்டும் டாலர் அளவில் வில்லைகள் அடித்தனர். தம் மண்ணில் வெள்ளி விளைகிறது என்று உலகுக்கு அறிவிக்க அதனினும் நல்ல விளம்பரம் வேறில்லை.

1893-இல் சிகாகோ நகரில், கொலம்பஸ் அமெரிக்காவை அடைந்த நானூறாம் ஆண்டு நிறைவுக்காக நடந்த பொருட்காட்சி இவையனைத்தையும் விஞ்சியது. ஏறத்தாழ இரண்டு கோடியே எழுபது லட்சம் நுழைவுகள் பதிவாயின. அப்பொருட்காட்சியை ஒட்டிக் கூடிய மாநாடுகளுள் ஒன்றுதான், நம் சென்னை இளைஞர்கள் வீடுவீடாகப் பொருள் திரட்டி விவேகானந்தரை அனுப்பி வைத்த சர்வ சமயப் பேரவை. பொருட்காட்சி வளாகத்தில், வருவோர் தம்மிடமுள்ள சென்ட்டைக் கொடுத்தால், உருளைகளுக்கிடையே அதனை நசுக்கி, நீண்ட இலைபோலாக்கி, காட்சியின் பெயரைப் பதித்துத் தந்தனர். இவ்வழக்கம் அங்கே தோன்றிப் பின் உலகெங்கும் பரவியது. அலுமினியப் பதக்கங்களும் மிகுதியாக விற்பனையாயின. சில ஆண்டுகளுக்கு முன்னர் வெள்ளிபோல அருமையாயிருந்த அவ்வுலோகம், 1886-இல் கண்ட புதிய முறையால் மலிந்தது. கையில் எடுத்தால் இறகுபோல் கனமற்றிருந்த அப்பதக்கம் புதிய காலத்தின் அதிசயமாகத் தோன்றியது. அரசாங்கம் வெளியிட்ட கொலம்பஸ் அரை டாலர் காசு மட்டும் ஓரளவு தோல்வியே. அரை டாலர் காசை ஒரு டாலருக்கு விற்க முனைந்தனர். ஏறத்தாழ இருபத்தைந்து லட்சம் காசுகளை மீண்டும் உருக்க நேர்ந்தது. மேலும் பல, வாங்குவாரின்றி, அரை டாலர் மதிப்புக்கே புழக்கத்தில் விடப்பட்டன.

அதே 1893-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள், இந்தியாவில் பிரிட்டிஷ் அரசாங்கம், பொதுமக்கள் கொண்டுவரும் வெள்ளியை ரூபாயாக அடித்துக் கொடுக்கும் வழக்கத்தை நிறுத்தியது. வெள்ளியின் விலை சரிந்தது. நெவாடாவில் சுரங்கங்கள் கலங்கின. நவம்பரில் அமெரிக்க அரசாங்கமும் வெள்ளி வாங்குவதைக் கைவிட்டது. இதன் விளைவை 1896-ஆம் ஆண்டுத் தேர்தல் வில்லைகளில் காணலாம். பதினாறு பங்கு வெள்ளி ஒரு பங்கு பொன்னுக்குச் சமம் எனக் கொண்டு, வெள்ளியைத் தடையின்றிக் காசாக்க வேண்டும் என்றார் பிரையன். கடனில் மூழ்கிய உழவர்கள் அவர் பின் நின்றனர். பொன்னே அடிப்படை என்றார் மக்கின்லி. பொன்னின் பக்கத்தார், ஒரு பொன் டாலருக்கு உண்மையில் எவ்வளவு வெள்ளி ஈடாகும் என்று காட்டத் தட்டளவு பெரிய வெள்ளி வட்டுகளைச் செய்தனர். ஒரு டாலர் காசிலுள்ள வெள்ளியின் சந்தை மதிப்பு ஏறத்தாழ 53 சென்ட்டே. எனவே, அமெரிக்கக் காசில் பொறிக்கும் 'கடவுளை நம்புகிறோம்' என்னும் வாசகத்தை எடுத்து, 'மீதி 47 சென்ட்டுக்குக் கடவுளை நம்புகிறோம்' என்று மாற்றிக் கேலி வில்லைகள் வார்த்தனர்.

இவ்விடத்தில் மாணவர்கள் விழிப்பாயிருத்தல் வேண்டும். இன்று கிடைக்கும் பிரையன் கேலி வில்லைகளைக் குவித்துப் பார்த்தால், நாடே அவரைக் கண்டு சிரித்தது போலத் தோன்றும். ஆயின் அவருக்கு ஏறத்தாழ 65 லட்சம் வாக்குகள் விழுந்தன. வென்ற மக்கின்லிக்கு ஏறத்தாழ 71 லட்சம். வில்லை அடிக்கப் பணம் வேண்டும்; பணம் எந்தப் பக்கம் இருந்ததோ அந்தப் பக்கத்தின் சிரிப்பே நம் காதில் உரக்க ஒலிக்கிறது.

அதே தேர்தலில்தான், நெவார்க் நகரத்து வைட்ஹெட், ஹோக் கம்பெனியார் காப்புரிமை பெற்ற செலுலாய்டு பொத்தான் பெருகியது. வண்ணப்படம், மலிவு, குத்திக்கொள்ள எளிது. உலோக வில்லை தேர்தற்களத்திலிருந்து மெல்ல விலகியது.

சேகரிப்போரைப் பற்றியும் ஒரு சொல். 1857-இல் பழைய பெரிய செப்புக் காசு நின்றபின், மக்களிடையே காசு சேர்க்கும் ஆர்வம் மூண்டது. மறு ஆண்டிலேயே நியூயார்க்கில் அமெரிக்க நாணயவியற் சங்கம் தோன்றியது. தேவை பெருகவே, அச்சு வெட்டுவோர் ஒரு வில்லையின் முகத்தையும் வேறொன்றின் பின்புறத்தையும் சேர்த்து, வெள்ளியிலும் வெள்ளீயத்திலும் அருமையான 'புது வகை'களைச் சேகரிப்போருக்கென்றே அடித்தனர். அவை ஒருநாளும் கடைவீதியைக் காணாதவை, விலையோ மிகுதி. தேய்வே இல்லாத வில்லையைக் கண்டால், இது எவர் கைக்காகப் பிறந்தது என்று கேட்க வேண்டும். பிற்காலத்தில் போலிகள் மலிந்தமையால், 1973-இல் அந்நாடு ஒரு சட்டம் இயற்றி, போலி நாணயங்களில் 'நகல்' என்னும் சொல்லையும், போலித் தேர்தற் பொருள்களில் அவை செய்யப்பெற்ற ஆண்டையும் பொறிக்குமாறு விதித்தது.

என் வில்லையின் ஓரங்கள் மழுங்கியுள்ளன. இறகு முடியின் நுனிகள் தேய்ந்துவிட்டன. 'அன்று' என்னும் அச்சிறு சொல்லைப் பூதக்கண்ணாடி கொண்டே படிக்க இயலும். கொண்டு வந்த மாணவர், "ஐயா, கொஞ்சம் புளி போட்டுத் தேய்த்தால் பளபளவென்று ஆகிவிடுமே, தேய்த்துத் தரட்டுமா?" என்று கேட்டார். வேண்டா என்று சொல்லி, ஒரு காகித உறையில் இட்டு, கொடுத்தவர் பெயரையும் நாளையும் உறையின்மேல் எழுதி வைத்திருக்கிறேன்.